வரவேற்பறையில் ஒரு ரிவால்வர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டு அலங்காரம் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. அதில் ஒரு படம். தேக்கு ஷோகேஸ், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பித்தளைக் குத்துவிளக்கு, இவற்றுக்கு நடுவே கறுப்பு ஸ்டாண்டில் ஒரு கைத்துப்பாக்கி. கீழே "தாத்தாவின் கம்பீரம்" என்று ஒரு வரி. வீட்டுக்காரர் பெயர், ஊர், தெரு எல்லாம் போட்டிருந்தீர்கள். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இழுப்புக் கண்ணாடியில் பூட்டு இல்லை. துப்பாக்கியைச் சுற்றிச் சங்கிலியோ கம்பியோ ஒன்றும் இல்லை. பொம்மையை எடுப்பது போல எடுத்துக்கொண்டு போகலாம்.

நான் பட்டாளத்தில் ஈ.எம்.இ. என்கிற, இயந்திரங்களையும் ஆயுதங்களையும் பழுதுபார்க்கும் பிரிவில் ஆர்மரராக இருந்தவன். 1978-ல் சேர்ந்து 2001-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். ஆர்மரர் என்றால் சுடுகிறவன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சுடுகிறவர்கள் கெடுத்துக்கொண்டு வருவதை உட்கார்ந்து சரிசெய்கிறவன். எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்துக்குப் போனவர்கள். ஓய்வு பெற்று வங்கிக் காவலுக்குப் போகிறவர்களிடம் பன்னிரண்டு போர் என்கிற நீளக் குழல் துப்பாக்கி இருக்கும், சில வீடுகளில் .32 ரிவால்வர் இருக்கும். ஸ்பிரிங் போய்விட்டது என்று யாராவது வந்தால் லைசென்ஸ் உள்ள டீலரிடம் அனுப்பிவிடுவேன். வீட்டில் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்க எனக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் "இதை எங்கே, எப்படி வைப்பது" என்று கேட்டால் வாயைத் திறக்கலாம் அல்லவா? அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சுபேதார் சாப் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அவரிடம் கான்பூரில் செய்த .32 ரிவால்வர் ஒன்று இருந்தது. ஆள் போனதும் அது ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. மகன் வாரிசு முறையில் மனுப் போட்டு, விசாரணை முடிந்து, லைசென்ஸ் கைக்கு வரப் பதினோரு மாதம். துப்பாக்கி வீட்டுக்கு வந்த மறுநாளே எனக்குப் போன். போனால், ஹாலில் சாப்பின் படம், பக்கத்தில் சட்டம் போட்ட மெடல்கள், கீழே ஒரு மேசை. மகன் கையில் 1,150 ரூபாய்க்கு ஆர்டர் போட்டு வாங்கிய அக்ரிலிக் ஸ்டாண்டு.

"சித்தப்பா, அப்பா படத்துக்குக் கீழ வைக்கப் போறேன். அழகா இருக்கா பாருங்க."

அழகாகத்தான் இருந்தது. நான் ஒரு விரலால் ஸ்டாண்டைத் தள்ளினேன். அது வழுக்கிக்கொண்டு மேசை ஓரத்துக்குப் போனது.

அக்கா, அதாவது சாப்பின் மனைவி, சமையலறை வாசலில் நின்றபடி, "நீயே சொல்லு தம்பி. நான் சொன்னா இவன் காதுல ஏறாது. இவன் பெத்த ரெண்டும் ரெண்டு வாலு" என்றார்.

நான் தம்பி என்று கூப்பிடும் அந்த மகன் விடவில்லை. "மேசை மேல வேணாம்னா ஷோகேஸ்ல வைப்போம். அதுல பூட்டு இருக்கே" என்றான். இருந்தது. இழுப்புக் கண்ணாடிக்குப் போடுவார்களே, பல் பல்லாக ஒரு தகடு, அதில் ஒரு சின்ன உருண்டைப் பூட்டு, அது. நான் பூட்டச் சொன்னேன். பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு ஒன்பது வயதுப் பேத்தியைக் கூப்பிட்டு, "உள்ளே இருக்கிற செட்டியார் பொம்மையை எடு பார்க்கலாம்" என்றேன். அவள் பூட்டைத் தொடக்கூட இல்லை. கண்ணாடியின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து மேலே தூக்கினாள். கண்ணாடி தடத்தைவிட்டு வெளியே வந்தது, பொம்மையும் வந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஏற்கெனவே அவளுக்குப் பழக்கமான வேலை போலத்தான் தெரிந்தது.

கடையிலும் போனிலும் "கன் ஸ்டாண்டு" என்று கிடைப்பவை எல்லாமே துப்பாக்கியை நிறுத்திக் காட்டுவதற்காகச் செய்தவை. யாரும் எடுத்துவிடாமல் பிடித்து வைப்பதற்காகச் செய்தவை மிகக் குறைவு. தம்பி போனில் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒரு வகையில் நட்டுக்குத்தலாக ஒரு கட்டை நிற்கும், அதில் பிஸ்டலின் பிடியைச் செருகுவார்கள். தோட்டா அடுக்கிய மேகசின் போகிற ஓட்டை உள்ள பிஸ்டலுக்குத்தான் அது ஆகும், ரிவால்வருக்கு அந்த ஓட்டையே கிடையாது. அடுத்தது, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் குழலைச் செருகித் தொங்கவிடுவது. பார்க்க அந்தரத்தில் மிதப்பது போல இருக்கும். ஆனால் இரும்புக் கம்பி குழலின் வாயில் உரசி உரசி விளிம்பைத் தின்றுவிடும். விளிம்பு போன துப்பாக்கி நேராகச் சுடாது என்று பட்டாளத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். டிரிகர் கார்டை, அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்தை, தாங்கும் தொட்டில் மாதிரி ஒன்றும் உண்டு. ரிவால்வருக்கு அது பரவாயில்லை, ஆனால் ஒரு கையால் தூக்கினால் வந்துவிடும்.

பூட்டோடு வருகிற ஒன்றையும் பார்த்தோம். டிரிகர் கார்டுக்குள் ஒரு கொண்டியைக் கொடுத்துப் பூட்டுகிற மாதிரி. எனக்கு அது பிடிக்கவே இல்லை. டிரிகர் இருக்கிற இடத்தில் இரும்பை நுழைப்பது, அதுவும் இழுத்து ஆட்டினால் டிரிகர்மேல் இடிக்கிற அளவுக்குத் தளர்வாக! ரைபிள்களுக்குப் பட்டாளத்தில் அப்படித்தானே செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். செய்கிறோம். யூனிட்டில் ஆயுத அறைக்குக் கோத் என்று பெயர். அங்கே ரைபிள்கள் ரேக்கில் வரிசையாக நிற்கும், டிரிகர் கார்டு வழியாகச் சங்கிலி ஓடும், கடைசியில் பூட்டு. ஆனால் கோத்துக்குள் ஒரு ரைபிள் போவதற்கு முன் "காலி கர்" (தோட்டாவை வெளியே எடு) என்று ஒரு கட்டளை, "ஜாஞ்ச் சஸ்திர" (ஆயுதத்தைச் சோதனைக்குக் காட்டு) என்று இன்னொன்று, பிறகு ஒருவர் குனிந்து குழலுக்குள் பார்க்க வேண்டும். இத்தனையும் தாண்டித்தான் சங்கிலி. வாசலில் ஆயுதத்தோடு ஒரு சென்ட்ரி வேறு நிற்பான். நம் வீட்டு ஹாலில் சென்ட்ரி யார்? டிவி பார்க்கிற பாட்டி.

காலி என்று சொல்வதை நம்பக் கூடாது, கண்ணால் பார்க்க வேண்டும். இதிலிருந்துதான் எனக்கு யோசனை வந்தது. கான்பூர் .32 ரிவால்வர் பழைய வெப்லி என்கிற ஆங்கிலேய ரகத்தைப் பார்த்துச் செய்தது. மேலே உள்ள கொக்கியை விடுவித்தால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்பக்கம் மடிந்து திறக்கும், சிலிண்டரில் தோட்டா போகிற ஆறு அறைகளின் பின்பக்கமும் வெட்டவெளியாகத் தெரியும். "தம்பி, இதை மூடி வைக்காதே, மடக்கித் திறந்து வை" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. மூடிய ரிவால்வர்தான் சினிமாவில் பார்த்த மாதிரி இருக்குமாம். திறந்து வைத்தால் உடைந்தது போல இருக்குமாம். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அக்காதான் முடித்துவைத்தார். "உங்கப்பா வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழட்டினதும் முதல்ல அதைத் திறந்து மேசை மேல வைப்பாரு. அப்புறம்தான் செருப்பைக் கழட்டுவாரு. நான் அதை மூடிப் பார்த்ததே கம்மி."

அப்படியே செய்தோம். பிளாஸ்டிக் உறை போட்ட ஐந்து மில்லி எஃகுக் கேபிளைக் குழலின் வாயில் விட்டு, அதற்கு நேரே உள்ள அறை வழியாகப் பின்னால் எடுத்து, அடிக்கட்டையில் பதித்த எஃகு வளையத்தில் இரண்டு முனையையும் சேர்த்துப் பூட்டினோம். கேபிள் உள்ளே இருக்கிறவரை ரிவால்வரை மூடவே முடியாது, மூடாமல் சுடவும் முடியாது. மீதி ஐந்து அறைகள் காலி என்பது வருகிற விருந்தாளிக்கும் தெரியும், காபி கொண்டுவருகிற மருமகளுக்கும் தெரியும். திறந்த ரிவால்வருக்கு ஏற்ற ஸ்டாண்டு எங்கும் கிடைக்காது என்பதால் அட்டையில் வார்ப்பு வெட்டி, குழலின் அடிக்கு ஒன்று, பிடியின் அடிக்கு ஒன்று என இரண்டு தாங்கிகளைத் தேக்கில் நானே இழைத்தேன். எடை அந்த இரண்டில் உட்காருகிறது. டிரிகரை எதுவும் தொடவில்லை.

அடுத்து பெட்டி. ஸ்டாண்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனால் கதை முடிந்தது. இரண்டு மில்லி தகட்டில் பற்றவைத்த பெட்டி, வெளியே பார்வைக்குத் தேக்குச் சட்டம். கீல் உள்பக்கம். வெளியிலிருந்து திருகக்கூடிய ஸ்க்ரூ ஒன்றுகூட இல்லை. கடையில் காட்டிய பெட்டிகளில் பாதிக்கு மேல் கதவு பூட்டியிருக்கும், பின்பலகையை ஒரு ரூபாய் நாணயத்தால் கழற்றிவிடலாம். பெட்டிக்குள்ளிருந்து பின்பக்கமாக நாலு ஆங்கர் போல்ட் சுவருக்குள் போகிறது. சுவரைத் தட்டிப் பாருங்கள். செங்கல் சுவர் என்றால் போல்ட் பிடிக்கும். இப்போது கட்டுகிற வீடுகளில் உள்ளே பொந்து விட்ட பிளாக் கல் வைக்கிறார்கள், அதில் போல்ட்டைப் பிடித்து ஓர் ஆள் தொங்கினால் பெயர்ந்து கையோடு வரும். நல்லவேளை, சாப் கட்டியது பழைய செங்கல் வீடு.

கண்ணாடியில் பலரும் ஏமாறுகிறார்கள். டஃபண்டு கண்ணாடி என்றால் உடையாது என்று நினைப்பு. உடையும். ஓரத்தில் ஒரு கூர்மையான அடி போதும், மொத்தமும் கற்கண்டு போலச் சிதறிக் கொட்டிவிடும், பிறகு கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியைக் கேளுங்கள். காரின் முன்கண்ணாடி மாதிரி, விரிசல் விழும், இடத்தைவிட்டுப் போகாது. எல்லாம் சேர்த்து தச்சர் கூலியோடு 11,400 ரூபாய் ஆனது. தம்பிக்கு வயிறு எரிந்தது. அந்த 1,150 ரூபாய் ஸ்டாண்டில் இப்போது அக்காவின் மூக்குக்கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது.

தோட்டா அந்தப் பெட்டியில் இல்லை, அந்த அறையிலும் இல்லை. வேறு பீரோ, வேறு சாவி. சாவியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது தம்பி மெதுவாக, "அரிசிப் பானைக்குள்ள" என்றான். பின்னாலிருந்து ஆறு வயதுப் பையன், "அங்கதானே பாட்டி காசு வைப்பாங்க" என்றான். சாவி இப்போது தம்பியின் இடுப்புக் கயிற்றில்.

துரு பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். பட்டாளத்துக்காரர் வீடுகளில் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியை எடுத்து வைத்துப் பொட்டு வைப்பது உண்டு. வைக்கட்டும், நானும் வைப்பேன். ஆனால் ஈரச் சந்தனத்தைக் குழலில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, மறுநாள் விஜயதசமி, அதற்கு மறுநாள் ஊருக்குப் போகிறோம் என்று ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஐப்பசி மழை வேறு. சந்தனத்தைச் சுரண்டினால் அடியில் நாலணா அளவுக்குக் குழி. ஒரு வீட்டில் நான் பார்த்த .32-ல் ஐந்து வருடப் பொட்டும் ஐந்து குழியாக வரிசையாக இருந்தது. பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் பெட்டியின் தேக்குச் சட்டத்தில் வையுங்கள்.

ஸ்டாண்டுக்குச் சிவப்பு வெல்வெட் ஒட்ட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. வேண்டாம் என்றேன். துணி ஈரத்தை இழுக்கும், அடியில் உள்ள பசையும் சாயமும் இரும்புக்கு ஆகாது. தோல் உறையில் போட்டு வருடக்கணக்கில் வைப்பது அதைவிட மோசம். தோலைப் பதப்படுத்திய உப்பு துப்பாக்கியின் ஒரு பக்கத்தையே மேய்ந்துவிடும். ஓக் பலகையும் ஒட்டுப் பலகையும் மூடிய பெட்டிக்குள் புளித்த ஆவி விடுகின்றன, அதுவும் துருவுக்கு வழி. அருங்காட்சியகங்களில் பாலித்தீன் நுரைத் தாளைத்தான் விரிப்பார்கள், நாங்களும் அதையே தாங்கிகளில் ஒட்டினோம். பெட்டி மூலையில் நீல மணி சிலிக்கா ஜெல் ஒரு பை. மணி ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்ற வேண்டும். மாதம் ஒரு முறை கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, சிந்தி போட்டுக் குழலைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சிந்தி என்பது பட்டாளத்துச் சொல், ஃபிளானல் துணித் துண்டு. வெறுங்கையால் தொட்டுவிட்டு உள்ளே வைத்தீர்கள் என்றால் சித்திரை மாதத்தில் மறுநாள் காலையே உங்கள் கைரேகை துருவில் தெரியும்.

துருவுக்குப் பயந்து பெயின்ட் அடிக்கிறவர்களும் உண்டு. அதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1928 டிசம்பர் 17-ந் தேதி லாகூரில் ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்ட வழக்கில் பகத் சிங்கிடமிருந்து கைப்பற்றிய .32 கோல்ட் பிஸ்டல், இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளி அருங்காட்சியகத்தில் பல வருடங்கள் பத்தோடு பதினொன்றாக இருந்தது. துருப்பிடிக்காமல் இருக்க மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி 168896 என்ற எண்ணைப் படித்த பிறகுதான் அது யாருடைய பிஸ்டல் என்பது உறுதியானது. 2017-ல் அதைப் பஞ்சாபில் பகத் சிங் நினைவிடம் இருக்கும் உசேனிவாலாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தேசமே தேட வேண்டிய பொருள் ஒரு டப்பா பெயின்ட்டுக்கு அடியில் இருந்திருக்கிறது. அந்தப் படைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், துரு பிடிக்கவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் துப்பாக்கிக்கு எண்தான் பெயர். அதனால் நாங்கள் ஸ்டாண்டு செய்யும்போது எண் பொறித்த பக்கத்தைக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். லைசென்ஸ் புதுப்பிக்க எண்ணைச் சரிபார்க்க வேண்டி வந்தால் பெட்டியைத் திறக்காமலே படிக்கலாம்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குச் செல்லும். தாத்தா காலத்துத் துப்பாக்கி, சுவரில்தானே தொங்குகிறது, லைசென்ஸ் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழைய காலத்து ஆயுதத்துக்கு விலக்குக் கொடுப்பது உண்மை. ஆனால் ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது சுடும் நிலையில் இருக்கக் கூடாது. துருப்பிடித்திருக்கிறது, ஆகவே சுடாது என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள முடியாது. சுடாமல் செய்கிறேன் என்று வீட்டில் ஆணியும் ரம்பமும் எடுக்கிற வேலையும் வேண்டாம்.

இன்னொன்று, ஸ்டாண்டை எடுக்கவே முடியாதபடி செய்துவிடாதீர்கள். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போன தடவை ஒருவர் சுவரோடு பற்றவைத்த கொண்டியை அறுக்க ஆள் தேடி அலைந்தார். அக்கா வீட்டில் இரண்டு பூட்டு, இரண்டு நிமிட வேலை. ரசீது வாங்கி வந்ததும் அதை மடித்துக் காலி ஸ்டாண்டின் மேல் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டார். ரசீதை ஃபைலில் வையுங்கள் அக்கா, சாவி வைத்திருக்கிற தம்பி ஓசூர் போய்விட்டால் திரும்ப வாங்கும்போது என்ன செய்வீர்கள் என்றேன். அது அவருக்கும் பிறகுதான் உறைத்தது.

வெறும் அழகுக்குத்தான் துப்பாக்கி வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை வேறு. பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் டி.பி. ரைபிள் தூக்கியிருப்பார்கள். டிரில்லுக்கு மட்டும், சுடாது. அந்த ரைபிளைத் தோளில் வைத்தபோது நமக்குக் கம்பீரம் குறைந்தா போயிற்று? நல்ல ஆசாரியிடம் ஒரு படம் கொடுத்தால் மரத்தில் செய்து தருவார். அதை எந்த ஸ்டாண்டில் வைத்தால்தான் என்ன.

இனி உங்களுக்கு. அந்தப் படத்தைப் போட்டதில் தப்பில்லை என்று வாதாடுவீர்களோ என்னவோ. ஆனால் ஊர், தெரு, ஷோகேஸின் எந்தத் தட்டு என்பது வரை காட்டிவிட்டீர்கள். நிருபர் அந்த வீட்டுக்காரரிடம் தாத்தாவின் வேட்டைக் கதையைக் கேட்டிருக்கிறார். பூட்டு எங்கே என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டு, இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முன்பாவது, துப்பாக்கியை ஷோகேஸிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

என் பெயரையும் ஊரையும் கடித உறையில் எழுதியிருக்கிறேன். பத்திரிகையில் போட வேண்டாம். அக்கா வீட்டைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, நான் யார் என்றும் சொன்னால் வீடு எது என்று கண்டுபிடிக்க எங்கள் ஊரில் ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் (ஆர்மரர்),
வேலூர் மாவட்டம்.